எந்த வருஷத்து அலி? ஹெவிவெயிட் வீரர்களை வயது பார்த்து மோதவிடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாமா வீட்டுப் பின்புறம் ஞாயிற்றுக்கிழமை பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பு மூட்டினால், இறைச்சி வேகும் முன்பே சண்டை மூண்டுவிடும். விஷயம் எப்போதும் ஒன்றுதான்: ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டையில் முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்? மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அவர் அலி கட்சி. அவர் மகன் டைசன் கட்சி. பேரனைக் கேட்டால் இரண்டு பேரையும் இந்தக் காலத்து உக்ரைன் வீரர் உசிக் ஆட வைத்தே களைக்க வைத்துவிடுவார் என்கிறான்.

பல வருஷமாக நடுவில் உட்கார்ந்து கேட்டதில் ஒன்று புரிந்தது. மாமா தன் ஆளுக்கு 1966-ஐ எடுத்துக்கொண்டு, டைசனுக்கு அவர் தோற்ற 1990 டோக்கியோவைக் கொடுக்கிறார். மகன் தன் ஆளுக்கு 1988-ஐ எடுத்துக்கொண்டு, லாரி ஹோம்ஸிடம் நின்ற இடத்திலேயே அடி வாங்கிய 1980 அலியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். இரண்டு பேரும் பேசுவது ஒரே சண்டையைப் பற்றியே அல்ல. அதற்காக நான் எழுதி வைத்துக்கொண்ட முறை இது. ஒரு தாளும் பேனாவும் போதும்.

1. பெயரை எழுதாதே, தேதியை எழுது

"முகமது அலி" என்பது ஒரு ஆள் அல்ல, குறைந்தது மூன்று ஆள். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்தவருக்கு வயது 24. அன்று அவர் கால் தரையில் பட்டதா என்றே சந்தேகம் வரும். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தியவருக்கு 32. கால் குறைந்துபோய், கயிற்றில் சாய்ந்து அடியைத் தாங்கி, புத்தியால் ஜெயித்த ஆள் அவர். 1980 அக்டோபரில் ஹோம்ஸிடம் தோற்றவருக்கு 38. பத்து ரவுண்டு முடிந்ததும் அவர் பக்கத்து ஆட்களே போதும் என்று நிறுத்தினார்கள்.

தராசை நம்பினால் இங்கே ஏமாந்துபோவோம். கின்ஷாசாவில் அலியின் எடை 216½ பவுண்டு, ஹோம்ஸோடு மோதியபோது 217½ பவுண்டு. எண்ணைப் பார்த்தால் ஒரே ஆள். உண்மையில் இரண்டாவது முறை அந்த எடைக்கு வர உடம்பைக் கரைத்து, தைராய்டு மருந்து வேறு சாப்பிட்டு, மூச்சுவிடக்கூடத் தெம்பில்லாமல் ரிங்குக்குள் வந்தார். வெளியிலிருந்து பார்க்க மட்டும் பத்து வயது குறைந்தவர் போல இருந்தார்.

ஆகவே தாளில் "அலி" என்று எழுதாமல் "அலி, 14 நவம்பர் 1966" என்று எழுதுங்கள். எதிர் ஆளுக்கும் அப்படியே. டைசன் என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தேதி 27 ஜூன் 1988: மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் கீழே போட்ட இரவு, 22 வயது ஆக இன்னும் மூன்று நாள் இருந்தது. இந்த ஒரு படியிலேயே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

2. இல்லாத வயதை உண்டாக்காதே

"அலியின் உச்சம் 26 வயதில் வந்திருக்கும்" என்பது மாமாவின் நிரந்தர வசனம். வந்திருக்கலாம், ஆனால் யாரும் பார்க்கவில்லை. படையில் சேர மறுத்ததால் 1967 மார்ச்சுக்கும் 1970 அக்டோபருக்கும் நடுவில் அவர் ஒரு சண்டைகூடப் போடவில்லை. டைசனுக்கு 1991 ஜூனுக்கும் 1995 ஆகஸ்டுக்கும் நடுவில் இதே மாதிரி ஒரு ஓட்டை. ஃபோர்மனுக்கு 1977-லிருந்து 1987 வரை பத்து வருஷம். இந்த ஓட்டைகளில் நாம் ஊற்றுவது எல்லாம் நம் ஆசைதான். ரிங்கில் நின்ற ஆளை மட்டும் மோதவிடுங்கள்.

3. வயது வேறு, தேய்மானம் வேறு

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது.

நம் ஊர் மினிபஸ் டாக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வருஷத்து வண்டி என்பதைவிட எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படிப்பட்ட ரோட்டில் ஓடியது என்பதுதான் கேள்வி. ஜோ ஃபிரேசியருக்கு 1975 அக்டோபரில் மணிலாவில் அலியோடு 14 ரவுண்டு போட்டபோது வயது 31தான். அந்த இரவோடு அவர் முடிந்துபோனார் என்றே சொல்லலாம். அடுத்த வருஷம் ஃபோர்மனிடம் ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார். ஆனால் அதே ஃபோர்மன் 45 வயதில், 1994 நவம்பர் 5 அன்று, மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் ஒரே வலது கையால் வீழ்த்திப் பட்டம் வாங்கினார். அதற்கு முந்தைய ரவுண்டுகளில் பெரும்பாலும் அவர்தான் அடி வாங்கினார் என்பதையும் மறக்க வேண்டாம். பத்து வருஷம் பிரசங்கம் செய்துகொண்டிருந்ததில் தலை அடி வாங்காமல் மிஞ்சியது.

இங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வயதால் வந்த தோல்வி எது, சும்மா இருந்ததால் வந்த தோல்வி எது என்று பிரிக்க வேண்டும். 1988 ஜனவரியில் டைசன் ஹோம்ஸை நான்காவது ரவுண்டில் முடித்தார். "38 வயசுக் கிழவனை அடிச்சு என்ன பெருமை?" என்று மாமா கேட்பார். சரி, ஆனால் ஹோம்ஸ் அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு வருஷம் ரிங் ஏறவே இல்லை. அதே ஹோம்ஸ் தொடர்ந்து சண்டை போட ஆரம்பித்த பிறகு, 1992-இல், 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ரே மெர்சரைப் புள்ளிக்கணக்கில் தோற்கடித்தார். அப்படியானால் 38 வயது ஹோம்ஸைவிட 42 வயது ஹோம்ஸ் நல்ல ஆள் என்று எழுத வேண்டியிருக்கும். பிறந்த தேதி மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

எனவே ஒவ்வொரு பெயருக்குக் கீழும் மூன்று வரி எழுதுங்கள்: அந்தத் தேதிவரை எத்தனை சண்டை, அதில் மோசமாக அடி வாங்கியவை எவை, கடைசிச் சண்டை முடிந்து எத்தனை மாதம்.

4. எது போயிருக்கிறது, எது மிச்சம்

ஹெவிவெயிட்டில் பெரும்பாலும் முதலில் போவது கால். அடுத்து கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும் வேகம். அதன் பிறகு தாடை, அதாவது அடியைத் தாங்கும் திறன். குத்தின் வலு கடைசியில்தான் போகும், சிலருக்குப் போவதே இல்லை.

நம் நாட்டு ஃபிரான்ஸ் போத்தாவிடமே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1999 ஜனவரியில் லாஸ் வேகாஸில் அவர் டைசனோடு மோதினார். நான்கு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாளிலும் போத்தாதான் முன்னால். டைசனுக்கு 32 வயது. தலையை ஆட்டி ஆட்டி உள்ளே நுழையும் பழைய வித்தை காணாமல் போயிருந்தது, ஒவ்வொரு குத்தாகத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது ரவுண்டில் ஒரு வலது கை விழுந்தது. போத்தா எழுந்து நிற்கப் பார்த்துக் கயிற்றில் சரிந்ததை அன்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டைசனின் கால், கண் எல்லாம் போயிருந்தும் கை அப்படியே இருந்தது.

இதிலிருந்து ஒரு விதி வரும்: எந்த ஆள் எதை நம்பிப் பிழைக்கிறார் என்று பாருங்கள். குனிந்து உள்ளே நுழைந்து இடைவிடாமல் அடிக்கிறவர்கள் சீக்கிரம் தேய்வார்கள். ஃபிரேசியர், டைசன் இருவரும் அந்தக் குலம். ராக்கி மார்சியானோவும் அதே குலம்தான். அவர் 49 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காமல் 1956-இல், 32 வயதில், தானாகவே ஒதுங்கிக்கொண்டார். அதை நான் புத்திசாலித்தனம் என்பேன். நீளக் கை வைத்து ஜேப் (முன் கையால் நேராகப் போடும் குத்து) போட்டுத் தூரத்தில் நிறுத்துகிறவர்கள் நாற்பதை நெருங்கியும் தாங்குவார்கள்: ஹோம்ஸ், லெனக்ஸ் லூயிஸ், விளாதிமிர் கிளிட்ச்கோ. அதனால் "இருவருக்கும் 35 வயது" என்று வைத்தால் அது சமமான போட்டி ஆகாது. 35 வயது கிளிட்ச்கோ ராஜா. 35 வயது டைசன், 2002-இல் மெம்ஃபிஸில் லூயிஸ் முன்னால் எட்டு ரவுண்டு ரத்தம் சிந்தியவர். லூயிஸுக்கு அப்போது 36, டைசனைவிட மூத்தவர்!

சிலர் வயது ஏற ஏற நன்றாகவும் ஆவார்கள். கிளிட்ச்கோவை 26 வயதில் எடுத்தால் பதற்றக்காரர். 2004-லிருந்து இமானுவேல் ஸ்டூவர்ட்டிடம் பயிற்சி எடுத்து, 2006-லிருந்து 2015 வரை யாராலும் அசைக்க முடியாத ஆள் ஆனார். இளமைதான் உச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது.

5. உடம்பு அளவு: இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடு

மார்சியானோ சுமார் 185 பவுண்டு, அதாவது 84 கிலோ. இன்று ஹெவிவெயிட்டே 200 பவுண்டுக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. அவரை அப்படியே கொண்டுவந்து நிறுத்தப்போகிறீர்களா, இல்லை இன்றைய சாப்பாடும் பயிற்சியும் கொடுத்து வளர்த்தா? இரண்டும் சரியான விளையாட்டுதான், ஆனால் நடுவில் மாற்றக் கூடாது. என் ஆளுக்கு மட்டும் புதுச் சாப்பாடு, உன் ஆள் பழைய கஞ்சியோடு வரட்டும் என்பது அழுகுணி ஆட்டம். நான் எப்போதும் உள்ளபடியே கொண்டுவருகிறேன். வளர்த்தெடுக்க ஆரம்பித்தால் அது குத்துச்சண்டையிலிருந்து கதை எழுதுவதாகிவிடும்.

அளவே எல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் உசிக் 226 பவுண்டு, டைசன் ஃபியூரி (மைக் டைசன் அல்ல, வேறு ஆள்) 281 பவுண்டு. ஜெயித்தது உசிக்.

6. எந்த ஊர், எந்த விதி

விதியைச் சீக்கிரம் முடிவு செய்துவிடலாம்: 12 ரவுண்டா 15 ரவுண்டா, கையுறை எட்டு அவுன்ஸா பத்து அவுன்ஸா, ரிங் சின்னதா பெரியதா. 1980-களில்தான் பட்டப் போட்டிகள் ஒவ்வொரு அமைப்பாக 15-லிருந்து 12-க்கு இறங்கின. பழைய ஆட்களுக்குக் கடைசி மூன்று ரவுண்டு ஒரு ஆயுதம், அதைப் பிடுங்கினால் அவர்கள் கை குறையும். சின்ன ரிங் டைசனுக்கு, பெரிய ரிங் அலிக்கு.

இடம்தான் பலர் மறக்கிற விஷயம், நாம் மறக்க முடியாதது. 2001 ஏப்ரல் 22 அன்று ஜோகன்னஸ்பர்க் பக்கத்துப் பிரக்பானில், கார்னிவல் சிட்டியில், அமெரிக்க டிவிக்காக நம் விடியற்காலையில் ஒரு சண்டை நடந்தது. லெனக்ஸ் லூயிஸ், வயது 35, உலகத்தின் முதல் ஆள். எதிரில் ஹசீம் ரஹ்மான். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல். ரஹ்மான் முன்கூட்டியே வந்து அந்தக் காற்றுக்குப் பழகிக்கொண்டார். லூயிஸ் தாமதமாக வந்தார், 253½ பவுண்டு எடையோடு. ஐந்தாவது ரவுண்டில் ரஹ்மானின் ஒரு வலது கையில் லூயிஸ் மல்லாந்தார். ஏழு மாதம் கழித்து, நவம்பரில், லாஸ் வேகாஸில் அதே இருவர் மோதினார்கள். நான்காவது ரவுண்டில் மல்லாந்தது ரஹ்மான்.

ஆள் அதே, வயதும் கிட்டத்தட்ட அதே, முடிவு மட்டும் தலைகீழ். எங்கள் தெருவிலிருந்து பஸ்ஸில் ஒரு ராத்திரி பயணம் செய்தால் ஜோகன்னஸ்பர்க் வந்துவிடும். அங்கே இறங்கி இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குவது டர்பன்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். லூயிஸுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

7. 'அவரை இவர் அடித்தார், ஆகவே' என்ற கணக்கை எரித்துவிடு

1971-இல் ஃபிரேசியர் அலியை ஜெயித்தார். 1973-இல் கிங்ஸ்டனில் ஃபோர்மன் ஃபிரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே போட்டார். 1973-இல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்தார். 1974-இல் ஃபோர்மன் நார்ட்டனையும் இரண்டே ரவுண்டில் முடித்தார். இந்தக் கணக்குப்படி கின்ஷாசாவில் அலி உயிரோடு திரும்பியதே ஆச்சரியம். நடந்தது நமக்குத் தெரியும். யார் யாரை அடித்தார் என்பதை விட்டுவிட்டு, எப்படி அடித்தார் என்று மட்டும் எழுதுங்கள். ஃபோர்மனை நோக்கி நேராக நடந்து வருகிறவர்கள் விழுந்தார்கள். கட்டிப்பிடித்தும், சாய்ந்தும், பின்கழுத்தை அழுத்தியும் அவரைச் சோர்வாக்கியவர் ஜெயித்தார்.

8. வெற்றியைப் பார்க்காதே, தடுமாற்றத்தைப் பார்

நம் நாட்டில் டெலிவிஷன் வந்ததே 1976 ஜனவரியில். கின்ஷாசாவும் மணிலாவும் மாமாவுக்கு ரேடியோவும் பேப்பரும்தான். படமாகப் பார்த்தது பல வருஷம் கழித்து, வீடியோ கேசட்டில். அதுவரை மனதில் ஓட்டிய அலிதான் இன்றும் அவருக்குள் ஆடிக்கொண்டிருக்கிறார், உண்மையான அலியைவிடக் கொஞ்சம் வேகமாக.

இப்போது எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. அதில் மூன்று நிமிஷத் தொகுப்புகளைத் தொடாதீர்கள். ஸ்பிங்க்ஸ் விழுந்த 91 வினாடி டைசனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 1987-இல் ஜேம்ஸ் ஸ்மித்தும் டோனி டக்கரும் அவரை 12 ரவுண்டு முழுக்க இழுத்தடித்த சண்டைகளைப் பாருங்கள். கட்டிப்பிடிக்கிற உயரமான ஆளிடம் அவர் எவ்வளவு எரிச்சலாகிறார் என்று தெரியும். அலிக்கு 1963-இல் லண்டனில் ஹென்றி கூப்பர் போட்ட இடது ஹூக்கை (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) பாருங்கள். கையைத் தாழ்த்தியே வைத்திருக்கும் பழக்கத்துக்கு அன்று கிடைத்த பரிசு அது. எட்டு வருஷம் கழித்து ஃபிரேசியரின் இடது ஹூக்கும் அதே வழியில்தான் வந்தது. டைசனுக்கும் இடது ஹூக் உண்டு. மாமாவிடம் இதைக் காட்டியபோது கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்.

9. 'யார்' என்று கேட்காமல் 'பத்துக்கு எத்தனை' என்று கேள்

1969-இல் அமெரிக்காவில் ஒருவர், கம்ப்யூட்டரே முடிவு சொல்லும் என்று அலியையும் ஓய்வுபெற்ற மார்சியானோவையும் ரிங்கில் ஏற்றிப் படம் பிடித்தார். மார்சியானோ நாற்பது வயதைத் தாண்டியவர், தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். படம் வெளிவரும் முன்பே விமான விபத்தில் இறந்துபோனார். அமெரிக்காவில் காட்டிய முடிவில் 13-வது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி. ஒரே கம்ப்யூட்டர், ஊருக்கு ஏற்ற முடிவு!

ஒரே முடிவு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இப்படித்தான் ஆகும். ஒரே சண்டை பத்து ராத்திரி நடந்தால் எத்தனை ராத்திரி யார் ஜெயிப்பார் என்று எழுதுங்கள். கூடவே எந்த ரவுண்டுகளில் என்பதையும் எழுதுங்கள்: முதல் நான்கு, நடு நான்கு, கடைசி நான்கு. 1966 அலிக்கும் 1988 டைசனுக்கும் நான் எழுதியது ஆறுக்கு நான்கு, அலி பக்கம். டைசனின் நான்கும் முதல் ஐந்து ரவுண்டுக்குள்.

10. ஒரு முழுக் கணக்கு: நம் ஊர் ஆட்கள் இருவர்

இனி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம். கெர்ரி கூட்ஸி, 23 செப்டம்பர் 1983. கொரி சாண்டர்ஸ், 8 மார்ச் 2003. தென்னாப்பிரிக்காவிலிருந்து போய் ஹெவிவெயிட் பட்டம் கொண்டுவந்தவர்கள், இருபது வருஷ இடைவெளியில்.

கூட்ஸிக்கு அன்று 28 வயது. அமெரிக்காவில் ரிச்ஃபீல்டில் மைக்கேல் டோக்ஸைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி, ஆப்பிரிக்காவில் பிறந்த முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வலது கையில் பல முறை அறுவை சிகிச்சை, ஆனால் அந்தக் கைதான் ஆயுதம். தேய்மானம்: 1979-இல் பிரிட்டோரியா லாஃப்டஸ் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் பார்க்க ஜான் டேட்டிடம் 15 ரவுண்டு, அடுத்த வருஷம் சன் சிட்டியில் மைக் வீவரிடம் 13-வது ரவுண்டில் நாக்அவுட். நேரம் போகப் போகச் சோர்கிறவர் என்று எழுதிக்கொள்ளுங்கள். (லாஃப்டஸ் அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் டேட் பக்கம்தான். வெள்ளைக்காரர்களுக்கான நாட்டில் கறுப்பர் ஒருவர் வந்து ஜெயிக்கிறார் என்றால் வேறு எந்தப் பக்கம் நிற்பது? கூட்ஸி தனிப்பட்ட முறையில் நல்ல மனிதர், நிறவெறிக்கு எதிராகப் பேசியவர் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.)

சாண்டர்ஸுக்கு 37 வயது, இடதுகைக்காரர், 225 பவுண்டு. பயிற்சியைவிட கோல்ஃப் அதிகம் என்று எல்லோரும் கேலி செய்த ஆள். ஹனோவரில் கிளிட்ச்கோவை இரண்டு ரவுண்டுக்குள் நான்கு முறை கீழே போட்டார். அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் மிகக் குறைவாகவே சண்டை, ஆகவே உடம்பு தேயவில்லை. ஆனால் மூச்சு? 2000-இல் ரஹ்மான் ஏழாவது ரவுண்டில் முடித்தார், 2004-இல் கிளிட்ச்கோவின் அண்ணன் விட்டாலி எட்டாவது ரவுண்டில். இவரும் நேரம் போகப் போகச் சோர்கிறவர், கூட்ஸியைவிட வேகமாக.

எடையில் சாண்டர்ஸ் சுமார் பத்து பவுண்டு அதிகம், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இடம் ஜோகன்னஸ்பர்க் என்றால் மேட்டுக் காற்று இருவருக்கும் பழக்கம்தான், ஆனால் மூச்சு குறைந்தவருக்குத்தான் அது வலிக்கும். அதனால் நான் சண்டையை டர்பனுக்குக் கொண்டுவருகிறேன். பாணி: கூட்ஸியின் வலது கை, இடதுகைக்காரர் மேல் நேராக விழக்கூடிய குத்து. சாண்டர்ஸின் இடது கையோ, எங்கிருந்து வருகிறது என்று தெரியும் முன்பே வந்துவிடும். முதல் மூன்று ரவுண்டு முழுக்கச் சாண்டர்ஸுடையது. ஐந்தைத் தாண்டினால் கூட்ஸி. ஒன்பதைத் தாண்டினால் யார் வேண்டுமானாலும், இருவரும் நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

என் தாளில்: பத்துக்கு ஆறு சாண்டர்ஸ், ஆறில் ஐந்து முதல் மூன்று ரவுண்டுக்குள். கூட்ஸிக்கு நான்கு, எல்லாம் ஆறாவது ரவுண்டுக்குப் பிறகு.

போன ஞாயிறு மாமாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "தப்புடா, கூட்ஸிக்கு ஏழு" என்றார். முதல் ரவுண்டிலேயே சாண்டர்ஸ் கீழே கிடப்பார் என்று பந்தயம் வேறு. எந்த கூட்ஸியை நினைத்துச் சொல்கிறீர்கள் மாமா என்று கேட்டேன். யோசித்தார். மோண்டி கார்லோவில் லியோன் ஸ்பிங்க்ஸை முதல் ரவுண்டிலேயே சாய்த்த கூட்ஸி என்றார். அது 1979 ஜூன், கூட்ஸிக்கு 24 வயது. வேறு தாள் எடுத்துத் தேதியை எழுதினேன்.